மிட்சுயோ அக்கா பார்த்து வந்து சொன்ன ஊர்கள்

மிட்சுயோ அக்காவுக்கு முசாஷியைக் கண்டாலே ஆகாது. இத்தனைக்கும் அவள் பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாமே கொக்குராவில். எங்கள் பக்கம் ஒரு கல்லை விட்டெறிந்தால் நானூறு வருடத்துக்கு முந்தின அந்த வாள்வீரனின் பெயர் எழுதிய ஏதாவது ஒரு பலகையில்தான் போய் விழும்.

"ஊர் ஊராப் போய் அடுத்தவன் மண்டையைப் பொளந்துட்டு வந்தவன். அவனுக்கு ஒரு சிலை, அவன் பேர்ல ஒரு பிஸ்கட் டப்பா. வெக்கங்கெட்ட ஜனங்க" என்று எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு திட்டுவாள்.

அப்படிப்பட்டவள்தான் அறுபது வயதைத் தாண்டிய பிறகு அவன் கால் வைத்த இடங்களையெல்லாம் தேடித் தேடிப் போனாள். நானும் அவளும் ஒரே சூப்பர் மார்க்கெட்டில், சமைத்த பண்டங்கள் விற்கும் பிரிவில் வேலை பார்த்தோம். உருளைக்கிழங்கு உருண்டையும் மீன் வறுவலும் பொரித்தெடுப்பது எங்கள் வேலை. விடுமுறை வந்தால் அக்கா ஊரில் இருக்க மாட்டாள். கேட்டால், "எனக்குச் சரித்திரத்துல ஆசை வந்துடுச்சு கனாயே" என்பாள். நாங்கள் யாரும் நம்பவில்லை. ஆனால் அக்காவின் வீட்டு விஷயம் எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரியும் என்பதால் யாரும் தோண்டிக் கேட்கவும் இல்லை.

வீட்டு விஷயம் என்றால் ரியோஹெய். அக்காவின் ஒரே பிள்ளை. ஃபுகுஓகாவில் ஏதோ ஒரு கம்பெனியில் விற்பனைப் பிரிவில் வேலை பார்த்தான். அங்கே மேலாளர் ஒருவன் தினமும் காலையில் எல்லோருக்கும் முன்னால் அவனை நிற்க வைத்து, "நான் உதவாக்கரை" என்று சத்தமாகச் சொல்ல வைத்திருக்கிறான். ஒரு மே மாதம் லீவு விட்டபோது வீட்டுக்கு வந்தவன், செருப்பைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்துவிட்டு, மாடியறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அப்போது அவனுக்கு இருபத்தேழு வயது. அதற்குப் பிறகு அவன் வெளியே வரவில்லை. எல்லோரும் தூங்கின பிறகு குளிப்பான். கதவுக்கு வெளியே தட்டு வைத்தால் எடுத்துக்கொள்வான். காலித் தட்டு திரும்ப வெளியே வரும். அவ்வளவுதான்.

அவனுடைய அப்பா உருக்காலையில் வேலை பார்த்த மனிதர். இரும்பையே வளைத்தவருக்குப் பிள்ளையை அசைக்க முடியவில்லை. முதலில் கத்தினார், அப்புறம் கெஞ்சினார், ஒருநாள் கதவை உதைத்து உடைத்தார். உள்ளே ரியோஹெய் மூலையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டிருந்தானாம். அவர் கீழே வந்து, மறுநாள் பலகை வாங்கி வந்து கதவைத் தானே சரி செய்தார். சில வருடங்களில் பக்கவாதம் வந்து போய்ச் சேர்ந்தார். தகனம் முடிந்து எலும்பு பொறுக்கும்போது, குச்சியால் ஒருவர் எடுத்து இன்னொருவர் குச்சிக்குக் கொடுக்க வேண்டும். பிள்ளை நிற்க வேண்டிய இடத்தில் அக்காவின் நாத்தனார் தொகிகோ நின்றாள். "எங்கண்ணன் எலும்பை வாங்கறதுக்குப் பெத்த பிள்ளை மாடியிலேர்ந்து எறங்கி வரல" என்று அவள் அன்று சொன்னது எங்கள் தெரு முழுக்கப் பரவியது. அதற்குப் பிறகு தொகிகோ அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அப்பா போன மறு வருடம் ஒரு சாயங்காலம் அக்கா தட்டை வைத்துவிட்டுத் திரும்பும்போது கதவுக்குள்ளிருந்து குரல் வந்தது. மாதக்கணக்காக அந்தக் குரலை அவள் கேட்டிருக்கவில்லை.

"அம்மா, தமுகெயாமா குன்று மேல முசாஷிக்கு ஒரு கல்லு வெச்சிருக்காங்க இல்ல?"

"ஆமா. சின்னதுல உன்னைக் கூட்டிட்டுப் போயிருக்கேனே."

"அதோட பின்பக்கம் எப்படி இருக்கும்? பாத்துட்டு வந்து சொல்ல முடியுமா?"

அக்கா மறுநாள் காலையிலேயே போனாள். கல்லின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். திரும்பி வந்து கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து சொன்னாள். பாசி எந்தப் பக்கம் பிடித்திருக்கிறது, அங்கிருந்து பார்த்தால் ஜலசந்தியில் எத்தனை கப்பல் தெரிகிறது, ஏறும்போது எந்த வளைவில் மூச்சு வாங்கியது எல்லாம். உள்ளேயிருந்து அவன் கேள்வி மேல் கேள்வி கேட்டான். காற்று எப்படி, யாராவது இருந்தார்களா, என்ன வாசனை. ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். கீழே இறங்கி வந்தபோது தனக்குக் கால் மரத்துப் போயிருந்ததென்றும், அழக்கூட நேரமில்லாமல் சமையலறையில் நின்று சிரித்ததாகவும் பின்னாளில் அவள் எனக்குச் சொன்னாள்.

அங்கே ஆரம்பித்ததுதான். ஷிமோனோசெகியிலிருந்து படகு ஏறி, முசாஷியும் அவன் எதிராளி கொஜிரோவும் மோதின கன்ரியூ தீவுக்குப் போனாள். கியோட்டோவில், பெரிய சண்டை நடந்ததாகச் சொல்லும் பைன் மரத்தடிக்குப் போனாள். அவன் பிறந்த ஊர் என்று ஒக்கயாமா பக்கம் ஓர் ஊரும் ஹியோகோ பக்கம் ஓர் ஊரும் சண்டை போட்டுக்கொள்ள, இரண்டுக்கும் போனாள். "ஒரு மனுஷன் ரெண்டு ஊர்லயா பொறப்பான்? அவங்கம்மாவைத்தான் கேக்கணும்" என்று கதவைப் பார்த்துச் சொன்னபோது உள்ளே அவன் சிரித்த சத்தம் கேட்டதாம். அன்று வேலைக்கு வந்தவள் நாள் முழுக்க மீனைக் கருக விட்டாள்.

போட்டோவும் எடுப்பாள். போனைக் கதவுக்கு வெளியே தட்டோடு வைப்பாள். காலையில் திரும்பி வந்திருக்கும். அவன் அவற்றை வைத்து என்ன செய்கிறான் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு நின்றுவிடுமோ என்ற பயம்.

போன வருடம் நவம்பரில் குமாமொத்தோவுக்குப் போனாள். முசாஷி கடைசிக் காலத்தில் ஒதுங்கி உட்கார்ந்த குகை அங்கே மலையில் இருக்கிறது. ஏற்கெனவே ஒருமுறை போன இடம்தான். குகைக்குள் மத்தியான வெயில் எதுவரை வருகிறது என்று ரியோஹெய்க்குத் தெரிய வேண்டியிருந்தது. ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நடுவே ஏறி, கோவிலைத் தாண்டினால், குகைக்குப் போகும் பாதை நெடுகப் புத்தரின் சீடர்கள் நூற்றுக்கணக்கில் கற்சிலைகளாக உட்கார்ந்திருப்பார்கள். பாதிப் பேருக்குத் தலை இருக்காது. முந்தின நாள் மழை. படிக்கட்டில் நனைந்த இலை. அக்கா கால் வழுக்கி, இடுப்பு கல்லில் மோத விழுந்தாள். எழுந்திருக்கப் பார்த்தால் இடது கால் தன்னுடையது இல்லாத மாதிரி கிடந்தது.

பின்னால் வந்துகொண்டிருந்த ஒரு மனிதர்தான் ஓடி வந்தார். உசுகி என்று பெயர், நீகாத்தாவிலிருந்து வந்தவர், தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். தன் மேல்சட்டையைக் கழற்றி அக்காவின் தலைக்குக் கீழே வைத்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். மலைமேல் ஸ்ட்ரெச்சர் வருவதற்கு நேரம் பிடிக்கும் என்றார்கள். அவள் மயங்கிவிடாமல் இருக்க அவர் ஏதாவது பேசிக்கொண்டே இருந்தார்.

"நான் வருஷா வருஷம் முசாஷி ஊர்களுக்கு வர்றவன். இன்டர்நெட்டுல ஒருத்தர் எழுதறார். நீர்க்காகம்னு பேர் வெச்சுக்கிட்டு. அவர் எழுதினதைப் படிச்சுட்டுத்தான் கெளம்புவேன். என்ன மாதிரி எழுத்துங்கறீங்க! நம்ம கூடவே நடந்து வர்ற மாதிரி இருக்கும்."

"அப்படியா" என்றாள் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"இந்தப் படியைப் பத்திக்கூட எழுதியிருக்கார். இங்க வந்ததும் இடது முட்டி 'எதுக்கு வந்தே, யாரைப் பாக்க வந்தே'ன்னு கேக்குமாம். சரியா அந்த எடத்துலதான் எனக்கும் வலிக்குது!"

அக்கா கண்ணைத் திறந்தாள்.

"அப்புறம் இந்தச் சிலைங்கள்ல ஒண்ணு, குடிச்சுட்டுப் பந்தியிலேயே தூங்கிப் போற அவர் மாமா மாதிரி இருக்குமாம். நானும் ஒரு மணி நேரமாத் தேடறேன், எதுன்னு தெரியல."

"அதோ" என்று அக்கா கையை நீட்டினாள். "அந்த வளைஞ்ச மரத்துக்குக் கீழ, வாயைப் பொளந்துட்டு. அதுதான்."

உசுகி திரும்பிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தினார். "உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

அந்த மாமா அக்காவின் அம்மாவுடைய கடைசித் தம்பி. அந்த முட்டி அக்காவின் முட்டி. கதவுக்கு வெளியே உட்கார்ந்து அவள் சொன்ன வார்த்தைகள் ஒன்றுகூட வீணாகாமல் நீகாத்தா வரை போயிருக்கின்றன. அந்த வலியிலும் அவளுக்கு நெஞ்சு பூரித்ததாம். அதே மூச்சில் இன்னொன்றும் உறைத்தது. அவள் மெதுவாகக் கேட்டாள்: "அந்த நீர்க்காகம்... தனியாவா போறாரு? கூட யாராவது?"

"தனியாத்தான். எப்பவும் தனியாத்தான். அதுதானே அழகு!"

"எனக்குத் தெரியாதுங்க அவரை" என்றாள் அக்கா. "சும்மா பார்வைக்கு அப்படித் தெரிஞ்சுது, சொன்னேன்."

குமாமொத்தோவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தொடையெலும்பு மேல்முனையில் முறிந்திருந்தது. ஆபரேஷனுக்குக் குடும்பத்தில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அக்கா வீட்டுக்குப் போன் செய்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் செய்தாள். கடைசியில் வேறு வழியில்லாமல் தொகிகோவைக் கூப்பிட்டாள். தொகிகோ அடுத்த ரயிலிலேயே வந்து இறங்கி, கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "அவன் எங்க அண்ணி?"

"அவனுக்குச் சாப்பாடு யார் குடுப்பா?" என்றாள் அக்கா.

"எலும்பு ஒடைஞ்சு கெடக்கும்போதும் அவன் வயிறா? நாப்பத்தி நாலு வயசு அவனுக்கு! அரிசி களைஞ்சு குக்கர்ல போடத் தெரியாதா?"

"தொகிகோ, தயவுசெய்து."

அப்படித்தான் தொகிகோ எனக்குப் போன் செய்தாள்; அக்கா வீட்டு வாசலில் தொட்டிக்கடியில் இருந்த சாவியை எடுத்தேன். கடையில் மிஞ்சின வறுவலும் சோறும் எடுத்துக்கொண்டு நான் அந்த வீட்டு மாடிக்கு ஏறினேன். கதவில் அவன் அப்பா அடித்த பலகை அப்படியே இருந்தது. தட்டை வைத்துவிட்டுச் சொன்னேன்: "ரியோஹெய், நான் கனாயே, உங்கம்மாவோட வேலை செய்யறவ. அம்மா குகைக்குப் போற வழியில விழுந்துட்டாங்க. குமாமொத்தோ ஆஸ்பத்திரியில இருக்காங்க. நாளைக்கு ஆபரேஷன். உயிருக்கு ஒண்ணும் இல்ல."

உள்ளே நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. வேறொன்றும் இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். இவன் மனிதன்தானா என்று வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் போனபோது வாசல் கதவு பூட்டாமல் கிடந்தது. மாடியில் தட்டு வைத்தது வைத்தபடி இருந்தது, அறைக் கதவு மட்டும் திறந்திருந்தது. உள்ளே ஆள் இல்லை. சுவர் முழுக்க அக்கா எடுத்த போட்டோக்கள், ஊர் வாரியாக. கீழே ஓடி வந்து பார்த்தால், அவனுடைய பழைய செருப்பு இருந்த இடத்திலேயே மக்கிப்போய்க் கிடந்தது. அக்கா அலமாரியில் எடுத்து வைத்திருந்த அவன் அப்பாவின் ஷூவைக் காணவில்லை.

எங்கள் ஊரில் இப்படி வெளியே போன பிள்ளைகளை எங்கே தேடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பாலத்துக்கு அடியில், தண்டவாளத்து ஓரத்தில். தொகிகோவுக்குப் போன் செய்தேன். "அண்ணிகிட்டச் சொல்லாத" என்றாள். போலீஸில் சொன்னோம். ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்த அக்கா, "சாப்பிட்டானா?" என்று கேட்டபோது தொகிகோ, "சாப்பிட்டான்" என்று பொய் சொன்னாள். அந்த இரண்டு நாளும் தொகிகோ நாற்காலியை விட்டு நகரவில்லை.

கொக்குராவுக்குத் தெற்கே இருக்கும் நோகதா ஊர் போலீஸ்தான் கூப்பிட்டார்கள். ஆற்றங்கரையில் காய்கறி விற்கிற ஒரு பெண் தகவல் சொல்லியிருக்கிறாள். ஒரு ஆள் ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான், காலெல்லாம் ரத்தம், எங்கே போகிறாய் என்றால் குமாமொத்தோ என்கிறான். கொக்குரா ஸ்டேஷன் வரை போயிருக்கிறான். டிக்கெட் கதவுக்கு முன்னால் கூட்டத்தைப் பார்த்ததும் மூச்சு முட்டியிருக்கிறது. வெளியே ஓடி வந்தவன், தெற்கே போகும் சாலையைப் பிடித்து நடக்க ஆரம்பித்துவிட்டான். பதினேழு வருடம் ஓர் அறைக்குள் இருந்த கால்கள். அப்பாவின் ஷூ வேறு இரண்டு அளவு பெரியது.

தொகிகோ கொக்குராவுக்கு வந்து தன் காரை எடுத்துக்கொண்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு போனாள். வழியெல்லாம் அவனை என்னென்ன கேட்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே ஓட்டினாள். போலீஸ் நிலையத்தில் அவன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். தலை நரைத்து, முகம் காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. காலில் கட்டு. தொகிகோ அவனுக்கு முன்னால் போய் நின்றாள். நான் பயந்துபோய் அவள் கையைப் பிடிக்கப் போனேன்.

"நடந்தே போயிடலாம்னு நெனச்சியா, முட்டாப்பயலே" என்றாள். குனிந்து அவன் கால் கட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"அத்தை" என்றான்.

"வா. பின்சீட்டுல படுத்துக்க. போர்வை இருக்கு, தலையோட போர்த்திக்க. ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. நான் ரேடியோவைப் போட்டுக்கறேன், நீ ஒண்ணும் பேச வேண்டாம்."

குமாமொத்தோ போய்ச் சேரும் வரை போர்வை அசையவில்லை. ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்ததும் அவன் மறுபடி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான். "முடியல அத்தை. உள்ள போக முடியல." தொகிகோ இன்ஜினை அணைத்தாள். பிறகு என்னிடம், "நீ போய் அண்ணியைக் கீழ கூட்டிட்டு வர முடியுமான்னு கேளு" என்றாள்.

நர்ஸ் ஒத்துக்கொண்டது பெரிய விஷயம். சக்கர நாற்காலியில் அக்காவைக் கார் நிறுத்துமிடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் லிஃப்டிலேயே சொல்லிவிட்டேன். கார்க் கதவு திறந்தது. பகல் வெளிச்சத்தில் பிள்ளையின் முகத்தை அவள் பார்த்து எத்தனை வருடமோ. நான் விலகிப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

"கால் எப்படி இருக்கு?" என்றாள் அக்கா.

"உனக்கு?"

"ஆணி அடிச்சிருக்காங்க. வழியில என்ன சாப்பிட்டே?"

"ஒண்ணும் இல்ல."

அக்கா மடியில் வைத்திருந்த கைகளைப் பார்த்தாள். "நீர்க்காகம்னு எழுதறது நீதானே?"

அவன் ஆமென்று தலையை ஆட்டினான்.

"நல்லாருக்காம். நீகாத்தாக்காரர் ஒருத்தர் சொன்னார். என் முட்டி, எங்க மாமா, எல்லாம் இருக்காம். நான் மட்டும் இல்லையாம்." பிள்ளையைப் பற்றி அவள் கோபமாக ஒரு வார்த்தை பேசி நான் அதுவரை கேட்டதில்லை. "ஏன்டா? நான் அங்க எல்லாம் போகவே இல்லையா?"

அவன் சொன்னான்: "அம்மா போய் பாத்துட்டு வந்து சொன்னாங்கன்னு எழுதினா, அப்ப நீ யாருன்னு கேப்பாங்கம்மா. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல."

"கேட்டா கேக்கட்டும்!" என்றாள் அக்கா. அப்புறம் அழுதாள். அவனும் அழுதான். தொகிகோ காரின் மறுபக்கம் போய் நின்று, வராத யாருக்கோ காத்திருப்பவள் போல ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொன்னால் அது பொய். வீட்டுக்குத் திரும்பியதும் அவன் மறுபடி மாடிக்குப் போய்விட்டான். நீர்க்காகம் எழுதுவதை நிறுத்திவிட்டான். உங்களுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று படிக்கிறவர்கள் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்களாம். பதில் போடவில்லை. அக்கா கைத்தடியோடு நடக்கிறாள், வேலையை விட்டுவிட்டாள். அவளால் படி ஏறித் தட்டை வைக்க முடியாததால் அவன்தான் இறங்கி வருகிறான். சில நாள் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான், சில நாள் எடுத்துக்கொண்டு மேலே போய்விடுகிறான். என்ன கோபம் என்று தெரியாமல் அக்கா சில சமயம் அவனிடம் எரிந்து விழுகிறாள். "நான் போயிட்டா அவனுக்கு யாரு?" என்று என்னிடம் கேட்கிறாள்.

தொகிகோ மட்டும் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் காரோடு வந்து நிற்கிறாள். அவன் வந்தால் வருவான், வராவிட்டால் அக்காவோடு தேநீர் குடித்துவிட்டுப் போவாள். போன மாதம் வந்தான். ஷிமோனோசெகிக்குப் போனோம். படகுத் துறையில் கூட்டம் இல்லை. எதிரே கன்ரியூ தீவு தட்டையாகக் கிடந்தது. ரியோஹெய் காரை விட்டு இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். படகு வந்தது. ஆட்கள் ஏறினார்கள்.

"போலாமா?" என்றாள் அக்கா.

அவன் படகைப் பார்த்தான், படகில் இருந்த ஜனங்களைப் பார்த்தான். "இன்னைக்கு வேண்டாம்மா."

"அதனால என்ன" என்றாள் தொகிகோ. "அந்த முசாஷியே சண்டைக்குச் சொன்ன நேரத்துக்கு வராம, எதிராளியைக் கரையில காய வெச்சுட்டுத்தானே வந்தான். நீ மட்டும் எதுக்கு அவசரப்படணும்?"

அவன் சிரிக்கவில்லை. அக்காவும் சிரிக்கவில்லை. படகு விலகிப் போனது. கடல்காற்றில் அக்காவுக்கு இடுப்பு குத்த ஆரம்பித்து, உட்கார வேண்டும் என்றாள். பெஞ்சு சற்றுத் தள்ளி இருந்தது. ரியோஹெய் கம்பியை விட்டுவிட்டு வந்து அவள் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டான். இரண்டு பேருக்கும் நடை சரியில்லை. பெஞ்சு வரைக்கும் மெதுவாகப் போனார்கள்.